என் மாமியார், எதிர்த்தரப்புச் சாட்சி

என் மாமியாருக்கு எதையும் உள்ளது உள்ளபடி சொல்ல வராது. பொய் சொல்கிறவர் என்று நினைத்துவிட வேண்டாம். இருப்பதைத்தான் சொல்வார், கொஞ்சம் கூட்டிச் சொல்வார். லேசாகத் தூறல் போட்டுவிட்டுப் போனால், ஏரி உடைந்துவிட்டது என்பார். அவரை மாமியார் என்று சொல்வது இப்போது சரிதானா என்றுகூடத் தெரியவில்லை. எனக்கும் அவர் மகனுக்கும் விவாகரத்தாகி வருஷங்கள் ஓடிவிட்டன. ஆனால் தீர்ப்பில் புருஷனைப் பற்றித்தான் எழுதியிருந்தது, மாமியாரைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அதனால் நான் அவரை அத்தை என்றே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

என்னைப் பெண் பார்க்க அவர் பாகூருக்கு வந்தபோது எங்கள் அப்பாவுக்கு மூன்று காணி நிலமும் ஓர் ஓட்டு வீடும் இருந்தன. நான் பி.எஸ்சி. கணக்கு முடித்திருந்தேன். அத்தை வந்தார், கேசரி சாப்பிட்டார், என்ன படித்திருக்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டார், கிளம்பிப் போய்விட்டார். கல்யாணமாகி மதகடிப்பட்டில் போய் இறங்கினால் தெருவே என்னை வேடிக்கை பார்க்க நிற்கிறது. பத்துக் காணி நிலக்காரர் மகள், டபுள் டிகிரி, டாக்டர் மாப்பிள்ளையை வேண்டாம் என்று உதறிவிட்டு இந்த வீட்டுக்கு வந்தவள், இத்தனையும் நான்தானாம். அந்த டாக்டர் யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. உள்ளே போனதும், ஒரே ஒரு டிகிரிதானே அத்தை என்று மெதுவாகக் கேட்டேன்.

"அதுக்கு இன்னாம்மா இப்போ? இன்னொண்ணு படிச்சிட்டா போவுது" என்றார்.

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். அடுத்த வருஷமே தபால் வழியில் பி.காம். சேர்த்துவிட்டார். மாமனாரிடம் பணம் வாங்கிக் கட்டியதும் அவர்தான், நான் பரீட்சைக்குப் படித்த நாட்களில் அடுப்பைப் பார்த்துக்கொண்டதும் அவர்தான். ஊரில் சொல்லியாகிவிட்டது, இனி மருமகள் ரெண்டாவது டிகிரி வாங்கித்தான் ஆக வேண்டும். அவருடைய பெருமையெல்லாம் பாதி இப்படித்தான். முதலில் வாயில் வந்துவிடும். பிறகு வீட்டில் இருக்கிறவர்கள் மாடாக உழைத்து அதை உண்மையாக்க வேண்டும்.

வீட்டு ஆண்களுக்கு இது பெரிய தலைவலி. விழுப்புரம் சாலையில் எங்களுக்கு ஹார்டுவேர் கடை. கம்பி, சிமென்ட், பெயின்ட், பைப்பு எல்லாம் உண்டு. மாமனாரும் அவர் மகனும் பிறவி வியாபாரிகள். வியாபாரம் நன்றாக நடக்கிறது என்று அவர்கள் வாயிலிருந்து ஒரு நாளும் வராது. சொன்னால் கண் பட்டுவிடும், பங்காளி கைமாற்று கேட்பான், வரிக்காரர் வந்து உட்கார்ந்துகொள்வார். லாரி லாரியாகச் சிமென்ட் இறங்கிக்கொண்டிருக்கும்போதே, "டல்லுதாம்பா" என்று உச்சுக் கொட்டுவார்கள். அத்தையோ வாசலில் போகிறவரை நிறுத்தி வைத்து, இன்றைக்கு மட்டும் பத்து வீட்டுக்குக் கம்பி போயிருக்கிறது என்று சொல்லி அனுப்புவார். கல்லாவில் உட்கார்ந்து பில் போட்டது நான். நிஜக் கணக்கு இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ கிடக்கும், அது எனக்கு மட்டும் தெரியும்.

ஒரு வருஷம் வில்லியனூர்த் தேருக்கு முன்னால் அத்தை கோயில் பக்கம் போயிருந்தார். நாலு பெண்கள் கூடிப் பேசிக்கொண்டிருந்த இடத்தில், இந்த வருஷம் தேருக்கு மோர்ப் பந்தல் எங்களுடையது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. கோயிலிலிருந்து ஆள் வந்து, பந்தலை எந்த முனையில் போடுவது என்று கேட்டபோதுதான் மாமனாருக்கு விஷயம் தெரிந்தது. வந்தவர் முன்னால் மனிதர் எதுவும் சொல்லவில்லை. உள்ளே வந்து குதித்தார், குதித்துவிட்டுத் தயிருக்குச் சொல்லி அனுப்பினார். அந்த வெயிலில் தேர் இழுத்து வந்த ஜனங்கள் வயிறு குளிரக் குடித்துவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு வருஷா வருஷம் எங்கள் பந்தல்தான். மாமனார் இருந்தவரை தன் யோசனை என்றே அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்கு அத்தையை முதலில் பிடித்துப்போனது ஒரு சாம்பாரால். வந்த புதிதில் நான் வைத்த சாம்பார் அடிப்பிடித்துவிட்டது. பக்கத்து வீட்டு அம்மாள் அந்த நேரம் பார்த்து வந்து, என்ன இப்படித் தீய்ந்த வாடை வருகிறது என்று மூக்கைச் சுளித்தாள். அத்தை அசரவில்லை. பாகூர்ப் பக்கம் இப்படித்தான் வைப்பார்கள், பருப்பைக் கொஞ்சம் பிடிக்க விட்டு இறக்க வேண்டும், அந்தப் பதம் எல்லாருக்கும் கைக்கு வராது என்றார். அவள் ஒரு கிண்ணம் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அத்தை அன்றைக்கு முகம் கோணாமல் அந்தச் சாம்பாரையே ஊற்றிச் சாப்பிட்டார். என்னைப் பெற்றவள்கூட அப்படி ஒரு பேச்சு பேசியிருக்க மாட்டாள்.

அவர் மகனோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. பெரிய கதையெல்லாம் இல்லை. கோபம் வந்தால் அவருக்குப் பேச்சு நின்றுவிடும். ஒரு வாரம், ஒரு மாதம், சமயத்தில் அதற்கும் மேல். ஒரே வீட்டில் நானும் எங்களுக்குப் பிறந்த மகளும் அவருக்குக் கண்ணில் படாத மாதிரி நடமாடுவோம். கடைசியில் ஒரு சண்டையில் நான் மகளைக் கூட்டிக்கொண்டு பாகூருக்கு வந்துவிட்டேன். எங்கள் பக்கம் புருஷன் வந்து கூப்பிட்டால்தான் பெண் திரும்பிப் போவாள். அவர் வரவில்லை, வக்கீல் நோட்டீஸ்தான் வந்தது.

விவாகரத்துக்கு நான் மறுப்பு சொல்லவில்லை. என் கவலையெல்லாம் ஜீவனாம்சம். அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அண்ணன் வீட்டில் ஒரே ஓர் அறை, அதில் அண்ணியும் இரண்டு பிள்ளைகளும். அண்ணி நல்லவள்தான், ஆனால் இன்னும் இரண்டு பேருக்குச் சேர்த்து உலை வைக்கும்போது யாருக்கும் முகம் மாறத்தான் செய்யும். நான் வில்லியனூரில் ஒரு போர்ஷன் வாடகைக்கு எடுத்து, மகளை அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்து, அக்கம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தேன். டியூஷன் பணம் அரிசி பருப்புக்கு ஆகும். வாடகைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஆகாது. ஜீவனாம்சம் சொற்பமாகப் போனால் சாமானைக் கட்டிக்கொண்டு அந்த ஓர் அறைக்குத் திரும்ப வேண்டியதுதான்.

நம் ஊரில் சட்டம் தெரியாதவர்களே கிடையாது. சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு கட்டாயம் உண்டு என்றான் அண்ணன். சொத்தில் பாதி எழுதி வாங்கு என்றாள் எதிர்வீட்டு அக்கா. டிகிரி படித்தவளுக்கு ஒரு பைசா கிடையாது என்று, பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத ஒருவர் தீர்ப்பே சொல்லிவிட்டார். எல்லாரும் ஒத்துக்கொண்ட விஷயம் ஒன்றுதான்: டியூஷனைப் பற்றி மூச்சு விடாதே, கோர்ட்டுக்குப் போகும்போது பழைய புடவையாகப் பார்த்துக் கட்டு.

வில்லியனூரில் ஒரு வக்கீலம்மா எனக்காக வாதாட ஒத்துக்கொண்டார். மூன்றில் ஒரு பங்குதானே என்று நான் கேட்டதும் சிரித்துவிட்டார். அப்படி ஒரு வாய்ப்பாடு இருந்தால் நீதிபதி எதற்கு, கால்குலேட்டர் போதுமே என்றார். பிறகு பொறுமையாக விளக்கினார். அந்த வீட்டில் நீங்கள் இருந்தபோது எப்படி வாழ்ந்தீர்கள் என்று பார்ப்பார்கள். அவர் தன் வருமானம் என்று என்ன சொல்கிறார் என்பது ஒன்று, அவரால் உண்மையில் எவ்வளவு சம்பாதிக்க முடியும் என்பது வேறு. அவரை நம்பி வேறு யார் இருக்கிறார்கள், உங்களால் சம்பாதிக்க முடியுமா, முடியும் என்றால் இத்தனை வருஷம் ஏன் சம்பாதிக்கவில்லை, பிள்ளைக்கு என்ன செலவு, எல்லாவற்றையும் பார்ப்பார்கள். அவரைத் தண்டிக்கவும் அல்ல, உங்களைப் பணக்காரி ஆக்கவும் அல்ல. அங்கே வாழ்ந்தவள் இங்கே வந்து தெருவில் நிற்கக் கூடாது, கொடுக்கிறவரும் தெருவுக்கு வந்துவிடக் கூடாது, அவ்வளவுதான் என்றார்.

இரண்டு பேரும் தங்கள் வரவு, செலவு, சொத்து, கடன் எல்லாவற்றையும் சத்தியம் செய்து எழுதிக் கொடுக்க வேண்டும். டியூஷனையும் எழுதச் சொன்னார். நான் தயங்கினேன். ஒன்றை மறைத்து அது வெளியே வந்தால், நீங்கள் சொல்கிற மற்றதையும் நம்ப மாட்டார்கள் என்றார். எழுதினேன். அண்ணன் என்னோடு ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

என் வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்ததை வக்கீலம்மா படித்துக் காட்டியபோது எனக்குத் தலை சுற்றியது. கடை இப்போது அவர் தங்கை புருஷன் பேரில் இருக்கிறதாம். இவர் அங்கே மாதச் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறாராம். சம்பளம் என்று அவர் போட்டிருந்ததைவிட, எங்கள் கடையில் சிமென்ட் மூட்டை தூக்குகிறவர் அதிகம் வாங்குவார். வயதான தாயாருக்கு வருமானம் எதுவும் இல்லை, நோயாளி, மருந்துச் செலவு முழுக்கத் தன் தலையில் என்றும் எழுதியிருந்தார். அதைச் சொல்வதற்குச் சாட்சியாக வரப்போகிறவர் அந்தத் தாயாரேதான்.

குடும்ப நீதிமன்றத்தின் நடையில் நின்று பார்த்தால், நாட்டில் பணக்காரனே இல்லை என்று தோன்றும். ஆண்கள் சாயம் போன சட்டையில் நிற்பார்கள். பெண்கள் காதில் வேப்பங்குச்சியோடு இருப்பார்கள். நானும் என் கம்மலைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் போயிருந்தேன். இஸ்திரி மடிப்பு கலையாமல் சட்டை போடுகிற என் வீட்டுக்காரர் அன்றைக்குக் கசங்கிய சட்டையும் தேய்ந்த செருப்புமாகச் சுவரோரம் நின்றார்.

அப்போது அத்தை வந்தார். அரக்குப் பட்டு, இரட்டை வடம் சங்கிலி, கை நிறைய வளையல், தலையில் இரண்டு முழம் மல்லி. நூல் புடவை கட்டி வரச்சொல்லி மகன் தலைப்பாடாக அடித்துக்கொண்டிருக்கிறார். நாலு பேர் வருகிற இடத்துக்கு நூல் புடவையா என்று அத்தை கேட்டிருக்கிறார். இதெல்லாம் பிறகு கேள்விப்பட்டது. வந்தவர் நேராக என்னிடம் நடந்து வந்து, புள்ள சாப்பிட்டுச்சா, ஏன் கம்மல் போடாமல் வந்தாய் என்றார். அவர்கள் வக்கீல் ஓடி வந்து அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

கூண்டில் ஏறியதும் அத்தை முதலில் கைப்பிடிக் கட்டையில் தூசி இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். அவர் சொல்வதாக வக்கீல் எழுதிய வாக்குமூலத்தில் முன்பே கையெழுத்து வாங்கியிருந்தார்கள். கேட்பதற்கெல்லாம் ஆமாம் என்று மட்டும் சொல்லும்படி மகன் சொல்லிக் கொடுத்திருந்தார். ஆரம்பத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. பெயர் கேட்டார்கள், ஊர் கேட்டார்கள். ஆமாம், ஆமாம்.

எங்கள் வக்கீலம்மா குறுக்கு விசாரணைக்கு எழுந்தார். அவருக்கு அத்தையைப் பற்றி ஒன்றும் தெரியாது. வயதானவர் என்று இரக்கமாகத்தான் ஆரம்பித்தார்.

"உங்களுக்கு வருமானம் எதுவும் இல்லைன்னு எழுதியிருக்கும்மா. உங்க மருந்து மாத்திரைக்கே மகன் ரொம்ப சிரமப்படறார், இல்லையா?"

சிரமம் என்ற சொல் காதில் விழுந்ததும் நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவரும் அதே நொடியில் என்னைப் பார்த்தார். அத்தனை பேர் இருந்த அந்த அறையில், அடுத்து என்ன வரப்போகிறது என்று எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் இவ்வளவு ஒற்றுமையாக ஒன்றை நினைத்ததே கிடையாது.

அத்தை முந்தானையைச் சரி செய்துகொண்டார்.

"யாரு சிரமப்படறது? எனக்கு இன்னாம்மா மருந்து? கல்லத் தின்னாலும் செரிக்கிற ஒடம்பு இது. கடை இருக்கிற எடமே எம்பேர்லதான் இருக்குது. நாலு கடை வாடகை எங்கையிக்கு வருது. நான்தான் எம்புள்ளைக்குக் குடுப்பன், அவங்கிட்ட வாங்கித் தின்னுற நெலமையில நான் இல்ல."

நீதிபதி நிமிர்ந்து பார்த்தார். நாலு கடையா என்று கேட்டார்.

"மூணுங்கய்யா. நாலாவது கட்டிக்கிட்டு இருக்கோம்" என்றார் அத்தை.

வக்கீலம்மாவுக்குப் பிடி கிடைத்துவிட்டது. மகன், உங்கள் மாப்பிள்ளை கடையில் சம்பளத்துக்கு இருக்கிறாராமே என்று அடுத்துக் கேட்டார். மகன் கண்ணாலும் கையாலும் ஜாடை காட்டிக்கொண்டிருந்தார். அத்தை அந்தப் பக்கமே திரும்பவில்லை. மாப்பிள்ளைக்குச் சைக்கிளுக்குக் காற்றடிக்கக்கூடத் தெரியாது, அவர் எங்கே கடை வைப்பது என்றார். வில்லியனூரிலிருந்து திருபுவனை வரைக்கும் எவன் வீடு கட்டினாலும் அது தன் மகன் கொடுத்த கம்பிதான் என்றார். கடையில் ஒரு நாள் வியாபாரம் இவ்வளவு என்று அவர் சொன்ன தொகையைக் கேட்டு எனக்கே தூக்கிவாரிப் போட்டது. பெரிய பண்டிகைக்கு முந்தின நாள்கூட அவ்வளவு வந்ததில்லை.

இதோடு முடிந்திருந்தால் நான் அன்றைக்கே ஜெயித்திருப்பேன். எதிர்த்தரப்பு வக்கீல் கெட்டிக்காரர். அந்த அம்மாளின் வாய் எந்தப் பக்கம் திறந்தாலும் பொங்கும் என்று அவருக்கும் அதற்குள் புரிந்துவிட்டது. எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். உங்கள் மருமகள் படித்தவர்தானே?

அத்தைக்கு முகம் மலர்ந்துவிட்டது. டபுள் டிகிரி என்றார். கடைக் கணக்கு முழுக்க இவள்தான், ஆடிட்டரே இவளைக் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார் என்றார். இவள் மனசு வைத்தால் நாளைக்கே மாதம் நாற்பதாயிரம் சம்பாதிப்பாள், இந்த ஜில்லாவில் இவளுக்கு ஜோடி கிடையாது என்றார். வக்கீல் திருப்தியாக உட்கார்ந்தார். எங்கள் வக்கீலம்மா கையிலிருந்த காகிதத்தைக் கீழே வைத்துவிட்டார். நாற்பதாயிரம் சம்பாதிக்கக்கூடியவளுக்கு எதற்கு ஜீவனாம்சம்? எனக்கு அந்தப் போர்ஷனும் மகளின் பள்ளிக்கூடமும் கண்முன்னால் கைவிட்டுப் போவது போல இருந்தது. அழுகை வேறு வந்தது. அத்தை மேல் கோபம் மட்டும் வரவில்லை, என்னைப் பற்றி அவ்வளவு நல்லதாக அந்த அறையில் வேறு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நீதிபதி கொஞ்ச நேரம் எழுதிக்கொண்டிருந்தார். பிறகு அவரே கேட்டார்.

"அத்தனை வருஷம் கடைக் கணக்கு பாத்தாங்கன்னு சொல்றீங்களே, மாசம் என்ன சம்பளம் குடுத்தீங்க?"

அத்தை வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். அவர் பேச்சு அப்படி நின்று நான் பார்த்ததில்லை. வீட்டு மருமகளுக்கு யாராவது சம்பளம் கொடுப்பார்களா என்று கேட்கத்தான் வாய் எடுத்திருப்பார் என்று நினைக்கிறேன். என்னைப் பார்த்தார். எதுவும் இல்லாத என் காதைப் பார்த்தார்.

"ஒண்ணும் குடுத்ததில்லைங்கய்யா. குடுத்திருக்கணும்" என்றார்.

கூட்டாமல் அவர் பேசி நான் கேட்டது அது ஒன்றுதான். நீதிபதி அதை இங்கிலீஷில் திருப்பிச் சொல்ல, டைப் அடிக்கிறவர் அடித்துக்கொண்டார்.

உத்தரவு வந்தபோது வக்கீலம்மா எனக்குத் தமிழில் விளக்கினார். மகன் எழுதிய சம்பளத்தையும் நீதிபதி நம்பவில்லை, அம்மா சொன்ன வியாபாரத்தையும் நம்பவில்லை. கடை யார் பேரில் இருந்தாலும் நடத்துகிறவர் அவர்தான் என்று எடுத்துக்கொண்டார். தாயார் அவரை நம்பி இல்லை, அந்தச் செலவு தள்ளுபடி. மனைவி படித்தவள்தான், ஆனால் சம்பாதித்திருக்க வேண்டிய வருஷங்களை அந்தக் கடையில் சம்பளம் இல்லாமல் உழைத்துத் தீர்த்திருக்கிறாள். படிப்பு இருக்கிறது என்பதற்காக நாளைக்கே அவள் கையில் நாற்பதாயிரம் வந்துவிடாது. டியூஷன் பணத்தை மறைக்காமல் சொல்லியிருக்கிறாள், அதைக் கழித்துக்கொள்ளலாம். மீதிக்கு வாடகை, பள்ளிக்கூடம், சாப்பாடு என்று பார்த்து ஒரு தொகை. நான் கேட்டதைவிடக் குறைவு, அவர் தருவதாகச் சொன்னதைவிட ரொம்ப அதிகம். நானும் மகளும் வில்லியனூரிலேயே இருந்துகொள்ளலாம்.

அதற்குப் பிறகு மகன் அம்மாவோடு பேசவில்லை. அதே பழைய வழக்கம். அத்தை தெருவில் என்ன சொன்னார் தெரியுமா? பிள்ளை மாலை போடப் போகிறான், அதற்கு முன்னால் மௌன விரதம் இருக்கிறான், இந்தக் காலத்தில் யார் இருப்பார்கள் என்றாராம். கேட்டவர்கள் கடைக்குப் போய் அவரைக் கும்பிட்டிருக்கிறார்கள். விரதம் சீக்கிரமே முடிந்துவிட்டது.

தொகை வந்ததா என்றால், இல்லை. உத்தரவு கையில் இருந்தது, பணம் வரவில்லை. ஒரு மாதம் பாதி வரும், அடுத்த மாதம் வராது. நிறைவேற்றக் கோரி மறுபடி மனு போடலாம், வசூலிக்க வழி இருக்கிறது என்றார் வக்கீலம்மா. மறுபடி அந்த நடையில் போய் நிற்பதை நினைத்தாலே எனக்கு அலுப்பாக இருந்தது. வீட்டுக்காரம்மா வாடகைக்காக வாசலில் வந்து நிற்க ஆரம்பித்திருந்தாள்.

அப்படி ஒரு நாள் அத்தை பஸ் ஏறி வந்தார். பேத்திக்குக் கொய்யாப்பழமும் முறுக்கும் கொண்டு வந்திருந்தார். வீட்டைச் சுற்றிப் பார்த்தார், சுற்றிப் பார்க்க அதிகம் ஒன்றும் இல்லை. வீட்டுக்காரம்மாவிடம் போய், பேத்தி படிப்புக்காகத்தான் பிள்ளை இங்கே எடுத்துக் கொடுத்திருக்கிறான், இல்லாவிட்டால் எங்களுக்கு அங்கே இல்லாத வீடா என்று பேசிவிட்டு வந்தார். பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, பணம் வருகிறதா என்று கேட்டார். சரியாக வரவில்லை என்றேன். அன்றைக்குக் கோர்ட்டில் தெரிந்துதான் சொன்னீர்களா அத்தை என்று நான் ஆசைப்பட்டுக் கேட்டேன்.

"இன்னாத்த? ஜட்ஜு எழுந்து நின்னு கும்பிட்டாரு இல்ல, பாத்தியா நீ?" என்றார்.

அடுத்த வாரம், என்னிடம் டியூஷனுக்கு வருகிற ஒரு பெண்ணின் அப்பா, மாட்டு வியாபாரி, மதகடிப்பட்டுச் சந்தையிலிருந்து வந்து என்னிடம் சொன்னார். கடை வாசலில் அத்தை நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாராம். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், என் பிள்ளை பொண்டாட்டியை விட்டுப் பிரிந்தாலும் ஒண்ணாம் தேதி பொழுது விடிவதற்குள் பணத்தைப் போட்டுவிடுகிறான், கோர்ட்டு சொன்னதுக்கு ரெண்டு பங்காகப் போடுகிறான், இப்படி ஒரு ஆம்பிளையை எங்கேயாவது பார்த்திருக்கிறாயா என்கிறாராம். உங்கள் வீட்டுக்காரர் பெரிய மனுஷர்மா என்றார் மாட்டு வியாபாரி. கல்லாவில் இருந்த மகனிடமே ஆட்கள் நேரில் போய்ப் பாராட்டியிருக்கிறார்கள். சாமான் வாங்க வந்தவர் பாராட்டும்போது, இல்லை, நான் கொடுப்பதில்லை என்று எந்த வியாபாரி சொல்வான்?

அந்த மாதத்திலிருந்து ஒண்ணாம் தேதி காலையில் பணம் வந்துவிடும். ரெண்டு பங்கெல்லாம் இல்லை, கோர்ட்டு சொன்னது மட்டும். எனக்கு அதுவே போதும். வாடகை நிற்காமல் போனது. மகள் அதே பள்ளிக்கூடத்தில் பத்தாவது முடித்தாள், பன்னிரண்டாவதும் முடித்தாள். நான் ஓர் ஆடிட்டர் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தேன். ஜீவனாம்சத்தைக் குறைக்கச் சொல்லி அவர் கேட்டிருக்கலாம், சட்டத்தில் அதற்கு இடம் உண்டு. கேட்கவில்லை. கேட்டால் ஊருக்குத் தெரிந்துவிடும், கடை வாசலில் அத்தை உட்கார்ந்திருக்கிறார்.

போன வருஷம் அத்தை போய்விட்டார். காலையில் பக்கத்து வீட்டுக்காரியிடம் பேத்தி டாக்டருக்குப் படிக்கிறாள் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், அப்படியே சாய்ந்துவிட்டாராம். மகள் படிப்பது நர்சிங். நாங்கள் இரண்டு பேரும் போனோம். வாய்க்கரிசி போடும்போது யாரோ மருமகளைக் கூப்பிட்டார்கள், கூப்பிட்டவரே பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் கூட்டத்தில் நின்றேன். அத்தையின் மகள் வந்து என் கையைப் பிடித்து முன்னால் கொண்டுபோய் விட்டாள். நான் போட்டேன். அழக் கூடாது என்றிருந்தேன், முடியவில்லை. என்னைப் பத்துக் காணிக்காரியாக ஊருக்கெல்லாம் காட்டிய ஒரே ஆள் போய்விட்டார்.

துக்கம் ஒரு பக்கம் இருக்க, பயமும் வந்தது. நர்சிங் படிப்புக்கு இன்னும் இரண்டு வருஷம் பணம் கட்ட வேண்டும், என் சம்பளம் மட்டும் அதற்குப் பற்றாது. கடை வாசல் நாற்காலி காலியாகிவிட்டது. இனி யாருக்குப் பயந்து அவர் கொடுக்க வேண்டும்? கருமாதி முடிந்து வந்த ஒண்ணாம் தேதி காலையில் பணம் வரவில்லை. மத்தியானமும் வரவில்லை. வக்கீலம்மா நம்பரைத் தேடிக்கொண்டிருந்தபோது மகளின் அப்பாவே போன் செய்தார். பிரிந்ததற்குப் பிறகு அவர் குரலைப் போனில் கேட்பது அதுதான் முதல் தடவை. மகளைப் பற்றிக் கேட்டார், சொன்னேன். பின்னால் கம்பி இறக்குகிற சத்தம் கேட்டது.

"கருமாதிக்கு வந்தவங்க நெறைய பேரு, பணம் குடுக்கறதப் பத்தி எங்கிட்ட சொன்னாங்க. நான் உனக்கு மாசம் எவ்ளோ குடுக்கறன்னு அம்மா ஊர்ல சொல்லிச்சி?"

எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். கேட்டது கேட்டபடி சொன்னேன்.

"கோர்ட்டு போட்டதுக்கு ரெண்டு பங்கு."

"ரெண்டு பங்கா?"

"ஆமா. நான் அதக் கேக்கலையே."

"நீ கேக்கல." அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஒரேடியா அவ்ளோ முடியாது. புள்ள படிப்பு முடியறதுக்குள்ள கொஞ்சம் கொஞ்சமா ஏத்திடறன். எங்கம்மா பொய் சொல்லிச்சின்னு நாளைக்கு ஒருத்தன் சொல்லக் கூடாது."